ஸ்டிக்கர் பசை பிறந்த கதை

புதிதாக வாங்கிய எவர்சில்வர் தட்டில் விலை ஸ்டிக்கரை உரித்தால் தாள் வந்துவிடும், பசை வராது. நாலு நாளில் தூசி ஏறிக் கறுத்த வட்டமாகிவிடும். அந்த வட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் பேராக்கின் பத்து காஜாக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பாட்டிமார்கள் ரப்பர் பால் பிடிக்கும் மங்கிலிருந்து உரித்துச் சாக்கில் போட்ட ஒட்டுப்பாலின் வம்சம்தான் அது.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. அன்றைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் அவை நடப்பட்டன. பிறகு பேராக்கின் கிந்தா வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுக்கு நடுநடுவே பால்மரக் காடுகள் எழும்பின. பத்து காஜா பக்கத்தில் பாதியில் நின்றுபோன கெல்லிஸ் காசலைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் கிந்தா கெல்லாஸ் தோட்டத்துத் துரை. மாளிகையைப் படம் பிடிப்பவர்கள் ரப்பரை நினைப்பதில்லை.

தட்டில் பசை தண்ணீருக்குப் போகாததன் சூட்சுமம் பால் வெட்டியவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. மரத்திலிருந்து இறங்கும் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள். ஈரம் காயாதவரை மங்கைத் தண்ணீரில் அலசிவிடலாம். காய்ந்தால் துகள்கள் ஒன்றாகச் சேர்ந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு குடம் குடமாகக் கொட்டினாலும் அசையாது. ஸ்டிக்கர் ஒட்டிய தட்டை இரவெல்லாம் ஊற வைப்பவர்கள் தாளைத்தான் கரைக்கிறார்கள்.

காய்ந்த ரப்பர் எண்ணெய் இனத்துக்குத்தான் மசியும். கிளாஸ்கோவின் சார்லஸ் மேக்கிந்தாஷ் 1823-இல் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டு செய்தார். 1845-இல் அமெரிக்காவில் ஹோரஸ் டே என்ற மருத்துவர் ரப்பரோடு பைன் பிசின், டர்பன்டைன், கூடவே மிளகாய்ச் சாறும் கலந்து துணியில் தடவிக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி செய்தார். மிளகாய் எதற்கோ, நோயாளிதான் பாவம்! ஆனால் ரப்பரும் பிசினும் சேர்ந்தால் அழுத்திய இடத்தில் ஒட்டும் என்ற சூத்திரம் நிலைத்துவிட்டது.

அடுத்த கட்டம் ஓர் உலோகப் பரப்பின் மேலேயே நடந்தது. அமெரிக்காவில் கார்களுக்கு இரட்டை வர்ணம் அடிப்பது மோகமாக இருந்த காலம். ஓரங்களை மறைக்க ஒட்டிய காகிதத்தை உரித்தால் பெயின்டும் சேர்ந்து வந்தது. உப்புத்தாள் விற்ற 3எம் கம்பெனியின் இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ இதைப் பட்டறையில் பார்த்தார். 1925-இல் பெயின்டைப் பெயர்க்காத ஒட்டுநாடாவைக் கொடுத்தார். 1930-இல் அவர் செய்த செலோபேன் நாடாவின் பசை ரப்பர், பிசின், எண்ணெய் மூன்றும் சேர்ந்தது. அப்போது உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைந்த நாடு மலாயா, அதிகமாக வாங்கியது அமெரிக்கா.

1935-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டான்டன் ஏவரி தாமாக ஒட்டும் விலைச்சீட்டைச் செய்யத் தொடங்கினார். முதலுக்கு 100 டாலர் கொடுத்தவர் அவர் மணக்கவிருந்த பெண். கம்பெனிக்கு அவர் வைத்த பெயர் ‘கம் கிளீன்’. உரித்தால் சுத்தமாக வந்துவிடும் என்பது அதில் அடங்கிய வாக்குறுதி. நம் சமையலறையில் அந்த வாக்குறுதி நிற்பதில்லை. எவர்சில்வரில் பசை நன்றாகப் பரவும். நாளாக ஆக, சூடு பட, கண்ணுக்குத் தெரியாத கீறல்களுக்குள் இறங்கிவிடும். உரித்தால் பசை விடுவதற்கு முன்பே தாள் கிழிந்துவிடும்.

எனவே கத்தியும் வேண்டாம், இரும்பு நாரும் வேண்டாம். இரண்டும் பளபளப்பைக் கெடுக்கும். முடி உலர்த்தியால் சூடாக்கித் தாளை உரியுங்கள். மிஞ்சிய பசைமேல் சமையல் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு, துணியால் உருட்டித் துடைத்துப் பாத்திர சோப்பு போட்டுக் கழுவுங்கள். மலேசிய வீடுகளில் அந்த எண்ணெய் பெரும்பாலும் செம்பனை எண்ணெய். பேராக்கில் பல தோட்டங்களில் பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனைதான் வைத்தார்கள். பசைக்குப் பால் கொடுத்த மண்ணே இப்போது பசையை எடுக்கவும் எண்ணெய் கொடுக்கிறது. மண்ணெண்ணெய் இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் அடுப்படிக்கு அது ஆகாது. சோறு போடும் தட்டுக்கும் வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. இன்றைய ஸ்டிக்கர்கள் பலவற்றில் ரப்பர் இல்லை, அக்ரிலிக் பசை. இரண்டு தரம் எண்ணெய் தடவியும் இளகாவிட்டால் அந்த ரகம் என்று சந்தேகப்படலாம். அதற்கு மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தேய்க்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நெருப்பு பக்கத்தில் இல்லாமல். அதற்கும் மசியாததை நகப்பூச்சு நீக்கி எடுக்கும். பெயின்ட் அடித்த பிஸ்கட் டின்னில் மட்டும் அதைப் போடாதீர்கள், பசையோடு படமும் போய்விடும்.