முத்துக்குளித்துறையில் நாவடக்கம்

இராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையே அமைந்துள்ள பெரியபட்டினம் ஒரு பழந்துறைமுகம். சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் இன்றும் அதன் மண்ணில் கிடைக்கின்றன. கப்பலையும் காற்றையும் அறிந்த இக்கரையினருக்கு யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை விளக்கவேண்டுவதில்லை. கடுங்காற்றில் அடிபடும் பெரிய மரக்கலத்தையும் சிறிய சுக்கான் திருப்புவதுபோல, நாவும் சிறிய உறுப்பாயிருந்து பெரியவற்றை நடத்துகிறது என்கிறார் அப்போஸ்தலர். இவ்வுண்மை திருப்பணியாளர் வாழ்வில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை இதே கடற்கரையின் வரலாற்றில் நாம் காணலாம்.

கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரை நீண்ட முத்துக்குளித்துறையில் பரதவ மக்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றனர். பகைவரிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளப் போர்ச்சுக்கீசியரின் துணையை அவர்கள் நாடியதே அதற்கு உடனடிக் காரணமாயிருந்தது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, அவர்கள் பெயரளவில் கிறிஸ்தவர்களாயினும் போதனை பெறாதவர்களாகவே இருந்தனர். அவர்களுடைய அறியாமையையும் பழைய வழக்கங்களையும் போர்ச்சுக்கீசியர் இகழ்ந்து பேசுவது எளிதாயிருந்தது.

சவேரியார் நம் திருச்சபை மரபைச் சேர்ந்தவரல்லர்; ஆயினும் சொல்லைப் பற்றி அவர் கொண்ட கவலை நாம் கற்கத்தக்கது. 1544-இல் உடன்பணியாளர் மான்சில்யாசுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றில், விசுவாசப் பிரமாணத்தின் தமிழாக்கத்திலிருந்த பிழையைத் திருத்தச் சொல்கிறார். ‘விசுவசிக்கிறேன்’ எனப் பொருள்பட வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றிருந்தது. தமிழைச் சிறிதளவே அறிந்த அவர், ஒரு சொல் பிறழ்ந்தால் அறிக்கை முழுவதும் பிறழும் என்பதை அறிந்திருந்தார்.

இதனினும் கருதத்தக்கது 1548 பிப்ரவரியில் இக்கரையின் பணியாளருக்கு அவர் வகுத்தளித்த அறிவுரையாகும். நற்செயலாலும் அன்பான சொல்லாலும் மக்களின் அன்பைப் பெறுங்கள் என்கிறார். நாட்டுக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் போர்ச்சுக்கீசியர் முன்னிலையில் ஒருபோதும் தீதாகப் பேசலாகாது. அவர்கள் பக்கம் நின்று பரிந்து பேசவேண்டும் என்று கட்டளையிடுகிறார். அவர்கள் விசுவாசத்துக்கு வந்து சில காலமே ஆயிற்று என்பதையும் நினைவூட்டுகிறார். தளபதியோடும் பகைத்துக்கொள்ளாமல் அன்பாகவே நடந்துகொள்ளவேண்டும் என்பதும் அவ்வறிவுரையில் உண்டு.

நாவடக்கம் என்றால் சினத்தில் வசைமொழி கூறாதிருத்தல் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். சவேரியாரோ, எவரைப் பற்றி, எவர் முன்னிலையில் பேசுகிறோம் என்று வினவ வைக்கிறார். எளியோரின் குறையை வலியோரின் செவியில் இடும்போது, சொல்வது உண்மையேயாயினும் அது எளியோருக்குத் தீங்காகலாம்.

இவ்வன்பு வெறும் சொல்லாய் நின்றுவிடவில்லை. முத்துக்குளித்துறைப் பணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்த அந்தோனியோ கிரிமினாலி என்னும் இத்தாலியர் தமிழ் கற்று மக்களோடு வாழ்ந்தார். மண்டபத்தை அடுத்த வேதாளையில் இருந்த போர்ச்சுக்கீசியத் தளபதி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் வரி வாங்கியது பெரும் பகையை மூட்டியது. 1549-இல் வடுகர் படை தாக்கியபோது, பெண்களையும் சிறுவரையும் தோணிகளில் ஏற்றித் தப்புவிக்க முயன்ற கிரிமினாலி தாம் தப்பாமல் உயிர்நீத்தார். அவருக்கு வயது இருபத்தொன்பது. பின்னர் தலைமையேற்ற அண்டிரிக்கு அடிகளார் தமிழிலேயே ஆழ்ந்து உழைத்தார்; அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது.

எனினும் வரலாறு மற்றொரு பக்கத்தையும் காட்டுகிறது. தம் மந்தைக்காகப் பரிந்து பேசச் சொன்ன சவேரியாரே, 1544 சனவரியில் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் பிராமணர்களை மிகக் கடுமையாகப் பழித்துள்ளார். தம்மவர்க்கு ஒரு நாவும் பிறர்க்கு வேறொரு நாவும் வைத்திருப்பது அவருக்கு மட்டும் உரிய குறையன்று. பின்வந்த நம் சீர்திருத்தத் திருச்சபை ஊழியரின் அறிக்கைகளும் இக்குற்றத்திற்கு விலக்கல்ல. தேவனைத் துதிக்கும் அதே வாயால், தேவ சாயலாக உண்டாக்கப்பட்ட மனிதரைச் சபிப்பது தகாது என்று யாக்கோபு கூறும்போது, அம்மனிதர் எம்மதத்தினர் என்று கேட்கவில்லை.

அன்றைய தளபதிகள் இன்று இல்லை. ஆனால் சேகரக் குழுவும், பேராயத்தின் அலுவலகமும், உதவிபுரியும் அயல்நாட்டு நண்பரும் உள்ளனர். இவர்கள் முன்னிலையில் நம் சபை மக்களைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? மாற்றலாகிச் செல்லும் ஆயர், புதிதாய் வரும் ஆயரிடம் விட்டுச்செல்லும் முதற்சொல் எது? “இவ்வூரார் இப்படிப்பட்டவர்கள்” என்ற ஒரு வாக்கியம், வருபவர் ஒரு வீட்டின் வாசலையும் மிதிக்குமுன் அவர் கண்களை மறைத்துவிடும். குறையைச் சொல்லவே கூடாதென்பதன்று. அதை முதலில் அவர்களிடமே, தனியாக, அன்போடு சொல்லவேண்டும் என்பதே மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் காட்டும் முறை.

பிரசங்க பீடத்தில் ஒரு மணி நேரம் காக்கப்பட்ட நா, ஆலய வாயிலைக் கடந்ததும் கட்டவிழ்ந்துவிடுமாயின் நம் ஊழியத்தின் பயன் என்ன? மக்கள் இல்லாத இடத்திலும் அவர்களுக்காகப் பரிந்து பேசுபவனே மெய்யான மேய்ப்பன். பிதாவின் முன்னிலையில் நமக்காகப் பரிந்து பேசுகிற ஒருவர் இருப்பதாலேயே நாமும் நிலைநிற்கிறோம் என்பதை மறவாதிருப்போமாக.