கான்பூரிலிருந்து ராயபுரம் இடுப்பு வரை

கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையில்தான் இந்த .32 ரிவால்வரின் பிறப்பு. பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் வாரிசு. நடுவில் மடக்கித் திறக்கும் உடம்பு, ஆறு தோட்டா கொள்ளும் உருளை, மூன்று அங்குலக் குழல். எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும். 9 மி.மீ. துப்பாக்கி ராணுவத்துக்கும் போலீசுக்கும் உரியது என்பதால் பொதுமக்கள் கையில் வருவது பெரும்பாலும் இந்த .32தான். 2014-ல் பெண்களுக்கென்று சொல்லி, டைட்டானியம் கலந்த அரைக் கிலோ 'நிர்பீக்' என்ற தங்கையும் பிறந்தாள்.

சென்னை ராயபுரத்தில் ரொக்கம் புழங்கும் ஒரு வியாபாரி இதை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிவால்வர் கிளம்புமுன் காகிதம் கிளம்ப வேண்டும். 1959 ஆயுதச் சட்டப்படி வயது 21 நிறைந்திருக்க வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்று காரணம் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் முடிந்து, வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் கையெழுத்தாக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும்.

இவ்வளவும் தாண்டி வந்த ரிவால்வருக்குக் கடைசி ஒரு சாண் பயணம்தான் ஆபத்தானது. பெட்டியிலிருந்து இடுப்புக்கு.

வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட் பணத்துக்குச் சரி, ரிவால்வருக்கு ஆகாது. பேண்டும் தடித்த பெல்ட்டும் வேண்டும். முன் இடுப்பில் வைத்தால் கை சட்டென்று எட்டும், கூட்டத்தில் பின்னாலிருந்து யாரும் உருவ முடியாது. ஆனால் குழல் பார்ப்பது சொந்தத் தொடையை. அங்கேதான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. உருளையின் புடைப்பு வயிற்றை அழுத்தும்; காரில் உட்கார்ந்தால் குழல் குத்தும். குத்துகிறதே என்று உறையைக் கழற்றிவிட்டு வெறுமனே செருகுகிறவர்கள் உண்டு. விபத்துக்கு அதுவே வாசல். விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறை இருந்தால்தான் சட்டைத் துணியோ விரலோ விசையில் மாட்டாது.

எடுப்பதைவிடத் திருப்பி வைக்கும்போதுதான் நிதானம் தேவை. அவசரமே இல்லாத வேலை அது. சட்டையை இன்னொரு கையால் மேலே தூக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, ஆள்காட்டி விரலை விசைக்கு வெளியே நீட்டி, கட்டைவிரலைச் சுத்தியல் மேல் அழுத்தியபடி இறக்க வேண்டும். விசையில் ஏதாவது சிக்கியிருந்தால் சுத்தியல் பின்னால் எழும்பும். கட்டைவிரலுக்கு அது உடனே தெரியும்.

காசிமேட்டு உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் இரும்புக்குச் சனி. இரவில் துடைத்து, எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். தோல் உறைக்குள்ளேயே தூங்கவிட்டால் ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும்.

ஊர் முழுக்க ரிவால்வர் கூடவே வர முடியாது. துறைமுக வாசலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படை நிற்கிறது. பொது இடத்தில் உறைக்குள், வெளியே தெரியாமல் மூடி எடுத்துப் போக வேண்டும் என்கின்றன 2016 விதிகள். தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் கே. ஆம்ஸ்ட்ராங்கின் துப்பாக்கியும் மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைக்கப்பட்டு, ஜூன் 13-ல் திரும்பத் தரப்பட்டதாகப் போலீஸ் சொன்னது. லைசென்ஸும் துப்பாக்கியும் இருந்தும், ஆயுதங்களோடு சூழ்ந்த கும்பலிடமிருந்து அவை அவரைக் காப்பாற்றவில்லை.

லைசென்ஸ் உள்ளவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான். வசதி பார்த்து உறையை விட்டுவிடாதீர்கள். விசையை மூடும் உறை இல்லாத நாளில் ரிவால்வர் பூட்டிய பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.