பாய்ஸ்: ஓர் அலகின் வரலாறு

பாகுநிலையை அளக்கும் பழைய அலகு ஒரு மருத்துவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ழான் லியோனார் மரி பாய்சொய் (1797-1869) பாரிஸ் நகரத்தவர். உடலின் மயிரிழை போன்ற நுண்குழல்களில் குருதி எவ்விதம் ஓடுகிறது என்பதே அவரை ஆட்டிப்படைத்த கேள்வி. குருதியோ உறைந்துவிடும். ஆகவே மில்லிமீட்டரில் சிறு பின்னமே விட்டமுள்ள கண்ணாடிக் குழல்களில் நீரைச் செலுத்தி, பொறுமையாக அளந்தார். குழலின் விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாவதில்லை, கால்பங்கும் ஆவதில்லை. பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்த இந்த விதியை அவர் 1840-41இல் அறிவித்தார். (ஜெர்மனியின் பொறியாளர் ஹேகன் 1839இலேயே தனியாக இம்முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் அலகுக்கு வாய்த்த பெயர் அவருடையதன்று.) பாய்சொயின் சமன்பாட்டில் பாகுநிலை என்று தனியாக ஒரு ராசி கிடையாது. அது ஒரு மாறிலிக்குள் மறைந்து கிடந்தது, பின்வந்தோர்தாம் பிரித்தெடுத்தனர்.

‘பாய்ஸ்’ என்ற பெயரை 1913இல் முன்மொழிந்தவர்கள் டீலி, பார் என்னும் இருவர். அவர்கள் ஆராய்ந்தது குருதியையும் அன்று, நீரையும் அன்று. மலைப் பள்ளத்தாக்குகளில் கண்ணுக்குத் தெரியாமல் நகரும் பனியாற்றை. நுண்குழல் மருத்துவரின் பெயர் பனிமலையின் வழியாக அலகாயிற்று என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. 20 பாகை செல்சியஸில் நீரின் பாகுநிலை ஏறத்தாழ 0.01 பாய்ஸ். ஆகவே அதன் நூறில் ஒரு பங்கான சென்டிபாய்ஸ் நீருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. எண்ணெய், வண்ணப்பூச்சு, மருந்து என எல்லாத் தொழிலும் அதைப் பற்றிக்கொண்டன.

சிக்கல் இரு முனைகளிலும்தான். சிறிய முனையில் காற்று நிற்கிறது. அங்கே ஒரு விபத்து நேர்ந்தது.

எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த ராபர்ட் மில்லிகன், 1913இல் தம் முடிவை வெளியிட்டார். நிலைமின் அலகில், பத்தின் அடுக்கை விட்டுச் சொன்னால், அது 4.774. பிழை 0.009க்கு மேல் இராது என்றும் உறுதி கூறினார். துளி விழும் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றின் பாகுநிலை. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு 0.0001824 பாய்ஸ். மூன்று சுழிகளுக்குப் பின்னால் நிற்கும் அந்த நான்கு இலக்கங்களின் மேல்தான் அணு இயற்பியலின் அடிப்படை எண் ஒன்று அமர்ந்திருந்தது. அந்த மதிப்பு ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைவு. மின்னூட்டமோ பாகுநிலையின் ஒன்றரை அடுக்கைச் சார்ந்தது. எனவே பிழை 0.6 சதவீதமாகப் பெருகியது. 1923இல் நோபல் பரிசும் வந்தது; எண் அப்படியே நின்றது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு முற்றிலும் வேறு வழியில் மின்னூட்டத்தைக் கணித்தவர்கள் 1920களின் இறுதியிலிருந்து கூடுதலான மதிப்பையே பெற்றுவந்தனர். குற்றவாளி காற்றாக இருக்கலாம் என்று 1932இல் ஜப்பானின் ஷிபா சுட்டினார். சுவீடனின் கெல்ஸ்ட்ரோம் 1935இல் காற்றின் பாகுநிலையை மீண்டும் அளந்தார், ஐயம் மெய்யாயிற்று. இன்றைய மதிப்பு 4.803. இது அலகுமாற்றப் பிழையன்று, அளவீட்டுப் பிழை. ஆயினும் சுழிகளின் வரிசைக்குப் பின்னால் வரும் கடைசி இலக்கத்தை நாம் எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறோம்!

மறுமுனையில் நிலவுருண்டையே நிற்கிறது. பனியூழியில் கனத்த பனிப்பாளங்கள் அழுத்தியிருந்த ஸ்காண்டிநேவிய நிலம், பனி உருகியபின் இன்னமும் மேலெழுந்து வருகிறது. போத்னியா வளைகுடாவின் வடகரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். நிலத்தடியின் கவசப்பாறை மிக மெதுவாக ஓடும் பாகு என்று கொண்டு, இந்த எழுச்சியின் வேகத்திலிருந்து 1935இல் ஹாஸ்கெல் அதன் பாகுநிலையைக் கணித்தார். 10இன் 22ஆம் அடுக்கு பாய்ஸ் என்ற அளவில் விடை வந்தது. இன்றைய பன்னாட்டு முறையில் அது 10இன் 21ஆம் அடுக்கு பாஸ்கல் விநாடி. தமிழில் சொல்வது எளிது: கோடி கோடி கோடி. (நம் கோடிக்கு இப்படியொரு பயன் உண்டு, மேனாட்டார் இதற்குச் சுழிகளைத்தான் எண்ணவேண்டும்.)

ஒரு பாஸ்கல் விநாடி என்பது பத்து பாய்ஸ். ஒரு சென்டிபாய்ஸ் சரியாக ஒரு மில்லிபாஸ்கல் விநாடி. ஆதலால் நீருக்கருகே பழைய அட்டவணைகளை எண் மாற்றாமலே படிக்கலாம். ஆனால் புவியியலாரும் கண்ணாடித் தொழிலாரும் அடுக்கை மட்டுமே எழுதும் வழக்கமுடையவர்கள். கண்ணாடியின் உள்ளிறுக்கத்தைத் தளர்த்தும் வெப்பநிலைக்குப் பழைய நூல் ‘13’ என்கும், புதியது ‘12’ என்கும். இரண்டும் ஒன்றே. அலகைக் கவனியாதவர் பத்து மடங்கு தவறுவார். கவசப்பாறையிலோ, சில ஆயிரம் ஆண்டுகளில் தளர வேண்டிய நிலம் பல பத்தாயிரம் ஆண்டுகள் எடுக்கும் என்று கணக்கு சொல்லும்.

பாஸ்கல் என்ற பெயர் 1971இல் முறையாக ஏற்கப்பட்டது. பாஸ்கல் விநாடிக்குப் ‘பாய்சொய்’ என்று தம் நாட்டு மருத்துவரின் முழுப்பெயரையே சூட்டப் பிரெஞ்சுக்காரர்கள் விரும்பினார்கள். பன்னாட்டு முறை அதற்கு இணங்கவில்லை. அந்த அலகு இன்றும் தனிப்பெயரின்றியே இருக்கிறது. வெட்டுண்ட ‘பாய்ஸ்’ தொழிற்சாலைத் தாள்களில் ‘சென்டி’யோடு சேர்ந்து உயிர்வாழ்கிறது.