கூட்டிலையும் பெரணி இலையும்: உறுப்புகள்

ஓர் இலையின் பரப்பு முழுவதுமாகப் பிளவுபட்டுத் தனித்தனிச் சிற்றிலைகளாக நின்றால் அது கூட்டிலை. விம்கோ நகரிலும் திருவொற்றியூரிலும் வீட்டோரம் வளரும் முருங்கை, வேம்பு, கறிவேப்பிலை மூன்றும் இந்த வகை. ஆமணக்கும் பப்பாளியும் இதில் சேரா. மடல்கள் எவ்வளவு ஆழமாகப் பிரிந்திருந்தாலும் பிளவு அடிவரை எட்டாததால் அவற்றின் இலைகள் தனி இலைகளே.

இலை எது, சிற்றிலை எது என்பதை மொட்டு காட்டிக்கொடுக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் மேற்கோணத்தில் கோணமொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது. தாளிக்கக் கிள்ளும் ஓர் ஆர்க்குக் கறிவேப்பிலை பெரும்பாலும் ஒரே இலைதான். கீழாநெல்லி இதற்கு நேர்மாறு. அதன் மெல்லிய கிளையைப் புரட்டினால் இலைகளின் கோணங்களில் மிளகைவிடச் சிறிய காய்கள் வரிசையாகத் தொங்கும். காய் பிடிக்கும் கோணம் இருப்பதால் அவை ஒவ்வொன்றும் முழு இலை. கூட்டிலைபோல் தெரிவது கிளை.

காம்பிலிருந்து நீண்டு சிற்றிலைகளைத் தாங்குவது நடு அச்சு, சமையலறையில் ஈர்க்கு. அதன் இருபுறமும் சிற்றிலைகள் அமைந்தால் இறகு வடிவக் கூட்டிலை. புளியில் அவை ஜோடியாகவே முடியும். கறிவேப்பிலையில் நுனியில் ஒன்று தனித்து நிற்கும். நொச்சியில் அச்சே இல்லை. காம்பு நுனியிலிருந்து மூன்றோ ஐந்தோ சிற்றிலைகள் விரல்போல் விரியும். இது அங்கை வடிவம்.

அச்சு மீண்டும் கிளைத்தால் இருமடிக் கூட்டிலை. எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் மண்டியிருக்கும் சீமைக் கருவேலத்தில் இதைக் காணலாம். இம்மரத்தின் விதைகளைக் கேட்டு 1876-இல் சென்னை வருவாய்த் துறைக்கு எழுதியவர் வன அதிகாரி பெட்டோம். தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு விவரித்து 1860-களில் சென்னையில் நூல் வெளியிட்டவரும் அவரே.

முருங்கை பெரும்பாலும் மும்மடி. அச்சு பிரியும் மூட்டுகளில் குண்டூசித் தலையளவுச் சுரப்பிகள் இருக்கும். கீரையை இரவில் துணியில் சுற்றி வைத்தால் காலையில் சிற்றிலைகள் தாமாக உதிர்ந்து கிடப்பதைப் பெண்கள் நன்கறிவார்கள். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் உதிர்வதற்கென்றே ஓர் அடுக்கு உண்டு.

பெரணியில் இலையின் முதல் பிரிவுக்கு இறகு என்றும், அந்த இறகின் பிரிவுக்குச் சிற்றிறகு என்றும் பெயர். இளம் இலை நத்தைச் சுருளாகத் தரைகீழ்த் தண்டிலிருந்து எழுந்து விரியும். பழைய சுண்ணாம்புச் சுவர்களின் ஈர விரிசல்களில் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி ஒரே ஒரு முறை பிரிந்தது. அதன் நுனி இறகு நீண்டிருக்கும். இறகின் விளிம்பு அடிப்பக்கமாக மடிந்து, வித்துக்கூடுகளைப் பழுப்புக் கோடாக மூடிக் காக்கும். இதே பெரணி மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சி இலைகளில் சேர்ப்பதை அமெரிக்காவின் புளோரிடா ஆய்வாளர்கள் 2001-இல் அறிவித்தனர். நீலகிரிச் சரிவுகளின் பிராக்கன் பெரணியோ மும்மடியாகப் பிரிவது.

செடியை அடையாளம் காண ஒரு சிற்றிலையைக் கிள்ளி வந்தால் போதாது. கோணமொட்டோடு சேர்ந்த தண்டுத் துண்டும் முழு இலையும் வேண்டும். பெரணியென்றால் காம்பின் அடியும் வித்துக்கூடுள்ள இறகும் சேர்ந்திருக்க வேண்டும்.