முன்னால போறவர் ஏன் வேகமா போறார்?

இந்த எபிசோடு ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்குது. என்னோட தோல்விதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு, திருவான்மியூர்ல இருந்து ஈசிஆர்ல பதினைந்து பேர் சைக்கிள்ல கிளம்புவோம். கோவளம் வரை போய், டீ குடிச்சுட்டுத் திரும்புவோம். நான் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. கோவளம் வரை அவங்களோட சேர்ந்தே போன நாட்களை விரல் விட்டு எண்ணிடலாம். முட்டுக்காடு பாலத்துல பக்கவாட்டுல காத்து அடிக்கும். முன்னால போறவரோட பின் சக்கரத்துக்கும் என் முன் சக்கரத்துக்கும் இருந்த ஒரு அடி இடைவெளி மூணு அடி ஆகும். அப்புறம் பத்து அடி. அதோட முடிஞ்சது. அவங்க சைக்கிள் பின்னாடி இருக்கிற சிவப்பு லைட் மட்டும் தூரத்துல தெரியும்.

இதுக்கு நானே கண்டுபிடிச்ச வைத்தியம்: தினமும் முழு வேகத்துல ஓட்டுறது. ஆறு வாரம் செஞ்சேன். ஏழாவது வாரம் பாலம் வர்றதுக்கு முன்னாடியே பின்தங்கிட்டேன். தூக்கம் கெட்டுப்போச்சு. காலையில படுக்கையில பார்க்கிற இதயத்துடிப்பு 58ல இருந்து 66 ஆச்சு. ஆபீஸ்ல ஒரு சின்ன பக்குக்காக, கூட வேலை பார்க்கிறவர் மேல எரிஞ்சு விழுந்தேன். சைக்கிளை வித்துடலாமான்னு கூட யோசிச்சேன்.

அப்புறம்தான் வரலாற்றைத் தேடிப் படிச்சேன். நம்மளவிட வேகமானவங்களை எட்டிப் பிடிக்க சைக்கிள்காரங்க இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பார்த்திருக்காங்க? இன்னைக்கு அந்தக் கதைதான். இதுல அறிவு இருக்கு, அளவுகோல் இருக்கு, மோசடியும் இருக்கு.

ரயிலுக்குப் பின்னால ஒரு மனுஷன்

1899, ஜூன் 30. அமெரிக்காவின் லாங் ஐலண்ட். சார்லஸ் மர்ஃபி என்ற சைக்கிள் வீரர் ஒரு ரயில் பெட்டிக்குப் பின்னால ஓட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவுல பலகை பரப்பியிருந்தாங்க. காத்து அவர் மேல படாதபடி பெட்டியின் பின்பக்கம் ஒரு மறைப்பு கட்டியிருந்தாங்க. ஒரு மைல் தூரத்தை அவர் 57.8 விநாடியில கடந்தார். மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர்! அன்னையில இருந்து அவருக்கு 'மைல்-எ-மினிட் மர்ஃபி'ன்னே பேர்.

அவர் கால்ல இருந்தது மனுஷ பலம்தான். இல்லாமப் போனது காத்து மட்டும்தான்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கும். காற்றின் தடையைத் தாண்டத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். 30 கிலோமீட்டர் வேகத்துல போறவர் 35க்குப் போனா, வேகம் சுமார் 17 சதவீதம்தான் கூடுது. ஆனா காத்துக்குக் கொடுக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடுது. இன்னொருத்தர் பின்னால ஒட்டிப் போனா, 40 கிலோமீட்டர் வேகத்துல உங்க உழைப்புல கால் பங்கு வரைக்கும் மிச்சமாகும்.

அதனால பின்தங்குறது படிப்படியா நடக்கிற விஷயம் இல்ல. அது பள்ளத்துல விழுற மாதிரி. களைப்பா இருக்கிற அதே நொடியில இடைவெளி விழுது. இடைவெளி விழுந்ததும் மொத்தக் காத்தும் உங்க மேல அடிக்குது. முட்டுக்காடு பாலத்துல நடந்தது இதுதான். என் கால் சோர்ந்துபோனது பாதிக் காரணம். பக்கக்காத்து அடிக்கும்போது முன்னால போறவருக்கு நேர் பின்னால போகாம, காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அதுக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் ஒதுங்கித்தான் அவர் மறைவுல இருக்கணும்னு எனக்குத் தெரியாதது மீதிப் பாதி.

ஓய்வுல நடக்கிற பயிற்சி

சரி, கால் பலத்தை எப்படிக் கூட்டுறது? இதுக்கான பதில் முதல்ல ஓட்டப்பந்தயத்துல இருந்து வந்தது. 1930களில் ஜெர்மனியில் வால்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர், ருடால்ஃப் ஹார்பிக் என்ற வீரரைத் தயார் செய்தார். 1939ல் மிலன் நகரத்தில் ஹார்பிக் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். பழைய உலக சாதனையைவிட 1.8 விநாடி குறைவு. அந்தச் சாதனை 1955 வரை நின்றது.

கெர்ஷ்லரும் இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் ரைன்டலும் சேர்ந்து உருவாக்கினதுதான் இன்டர்வல் பயிற்சி. கொஞ்ச தூரம் வேகமா ஓடி இதயத்துடிப்பை 180 வரைக்கும் ஏத்தணும். அது 120க்கு இறங்கின பிறகு அடுத்த ஓட்டம். 'இன்டர்வல்'னா ஓடுற அந்த வேகமான பகுதின்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன். அந்தப் பேர் நடுவுல வர்ற ஓய்வுக்கு வெச்சது. இதயம் பலப்படுறது அந்த ஓய்வு நேரத்துலதான் என்பது அவங்க கருத்து. இந்த முறை பின்னாடி சைக்கிளுக்கும் வந்தது. நான் ஆறு வாரம் செஞ்சதுல இன்டர்வலே இல்ல பாருங்க.

ஆய்வுக்கூடத்துல இருந்து சாலைக்கு

அடுத்து 1984. ஒரு மணி நேரத்துல தனியா எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்? சைக்கிள் உலகத்துல ரொம்ப மதிக்கப்படுற சாதனை இது. 1972ல் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். அதே ஊரில் 1984 ஜனவரியில், 32 வயசு இத்தாலியர் ஃபிரான்செஸ்கோ மோசர் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை சாதனை படைத்தார். முதலில் 50.808. பிறகு 51.151.

அவருக்குப் பின்னால ஃபெராரா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரான்செஸ்கோ கொன்கோனி இருந்தார். வேகம் கூடக் கூட இதயத்துடிப்பு எந்த இடத்துல நேர்கோட்டை விட்டு வளையுதுன்னு பார்த்து, ஒருத்தரோட எல்லையைக் கணிக்கிற சோதனை அவருடையது. காத்தைக் கிழிக்கிற தட்டுச் சக்கரங்கள், மருத்துவர்கள், அட்டவணைகள். "வீரனின் காலம் போய் விஞ்ஞானியின் காலம் வந்துடுச்சு" என்று தோன்ற வைத்த சாதனை.

1986ல் ஜெர்மன் பொறியாளர் உல்ரிச் ஷோபெரர் பெடல் பொருத்தியிருக்கிற கிராங்க் பகுதியில் உணரிகள் பதித்து, வீரர் கொடுக்கிற சக்தியை நேரடியா வாட்ஸ் கணக்கில் அளந்தார். அதுதான் எஸ்ஆர்எம் பவர் மீட்டர். இதயத்துடிப்பு வெயிலுக்கு ஏறும், காபிக்கு ஏறும், தூக்கம் இல்லைன்னா ஏறும். வாட்ஸுக்கு அந்தக் கவலை எதுவும் இல்ல. 200 வாட்ஸ்னா 200தான்.

இந்தக் கருவியை ஆரம்பத்திலேயே பயன்படுத்தியவர்களில் ஒருவர், அமெரிக்காவின் கிரெக் லெமான்ட்.

1991ல் என்ன மாறுச்சு?

லெமான்ட் 1986ல் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயித்தார். 1987ல் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். 1989ல் திரும்பி வந்து, மூன்று வாரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு, வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். 1990லும் ஜெயித்தார். 1991ல் நல்ல உடல்நிலையில் போனார். ஏழாவதாக வந்தார். 1992ல் பாதியில் விலகினார். 1994ல் ஓய்வு.

முன்பு தன்னால் எளிதாக முந்த முடிந்தவர்கள் திடீரென்று தன்னை முந்தியதைப் பற்றி அவர் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். அந்த நேரத்தில் காரணத்தைத் தன் உடம்பிலேயே தேடினார். ஓய்வு அறிவித்தபோது ஒரு தசை நோயைத்தான் காரணமாகச் சொன்னார். அவர் உடம்பில் ஈயக் குண்டுகள் இன்னும் இருந்தது உண்மை. ஆனா வெளியிலயும் ஒண்ணு மாறியிருந்தது.

இபிஓ என்பது சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் ஹார்மோன். செயற்கை இபிஓவுக்கு அமெரிக்காவில் 1989ல் அனுமதி கிடைத்தது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான மருந்து அது. ஆரோக்கியமான வீரர் அதை ஊசியாகப் போட்டால் ரத்தம் அதிக ஆக்ஸிஜன் சுமக்கும். அதைக் கண்டுபிடிக்கும் சிறுநீர்ப் பரிசோதனை 2000ல்தான் வந்தது. நடுவில் 1997ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு வரம்பு வைத்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தடுக்க வைத்த வரம்பு, பலருக்கு இலக்காகவே ஆகிவிட்டது.

மோசர் கதைக்கும் ஒரு பின்குறிப்பு உண்டு. அந்த 1984 சாதனைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்டதை 1999ல் அவரே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அது தடை செய்யப்படவில்லை. ஆனா "விஞ்ஞானம்"னு உலகம் கைதட்டினதுல ஒரு பகுதி, பாட்டில்ல இருந்த ரத்தம்.

என்னை ரொம்ப பாதிச்சது ஜெயிச்சவங்க கதை இல்ல. எட்விக் வான் ஹூய்டோங்க் என்ற பெல்ஜிய வீரர் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை 1989லும் 1991லும் ஜெயித்தவர். இபிஓ போட மாட்டேன் என்று இருந்தார். கூட்டத்தோடு போக முடியவில்லை. 1996ல், 29 வயதில் விலகினார். ஃபிரான்ஸின் கிறிஸ்தோஃப் பாசோன்ஸ் இருந்த ஃபெஸ்டினா அணி 1998ல் ஊக்கமருந்து வழக்கில் சிக்கியது. அவர் மருந்து எடுக்காதவர் என்று அணித் தோழர்களே சொன்னார்கள். 1999 டூரில் வேறு அணிக்காக ஓட்டிக்கொண்டே, வேகங்கள் சந்தேகத்துக்குரியவை என்று பத்திரிகையில் எழுதினார். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஓடும் பந்தயத்திலேயே பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். மற்ற வீரர்களும் பேசுவதை நிறுத்தினார்கள். பாசோன்ஸ் பாரிஸ் வருவதற்குள் விலகிவிட்டார். ஆம்ஸ்ட்ராங் அந்த டூர் உட்பட ஏழு பட்டங்களை ஜெயித்தார். 2012ல் ஏழும் பறிக்கப்பட்டன.

இவங்க எல்லாம் பயிற்சி குறைஞ்சதனால பின்தங்கினவங்க இல்ல. எந்த இன்டர்வலும், எந்த வாட்ஸ் கணக்கும் அவங்களை அந்தக் கூட்டத்தோட சேர்த்திருக்காது.

என் பாலம்

என் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் யாரும் ஊசி போடுறதில்ல. அதைத் தெளிவா சொல்லிடுறேன், ஏன்னா அவங்களும் இதைக் கேட்பாங்க. முதல் ஆளா போறவருக்கு 46 வயசு. ஒருநாள் டீக்கடையில கேட்டேன்: "அண்ணே, எப்படி இவ்வளவு ஈசியா போறீங்க?" அவர் சிரிச்சுட்டு, "பதினோரு வருஷமா ஓட்டுறேன் தம்பி. அதுல பாதி நாள் மெதுவாத்தான் ஓட்டினேன்"ன்னார்.

எட்டு மாசமா நான் கேட்காத கேள்வி அது. முன்னால போறவர் காத்து மறைவுனால வேகமா போறாரா? வருஷக்கணக்கான உழைப்பா? இல்ல, நமக்குத் தெரியாத வேற எதுவுமா? இது தெரியாம நாம செய்யுறது பயிற்சி இல்ல, நமக்கு நாமே கொடுத்துக்கிற தண்டனை. காரணம் தெரியாததால லெமான்ட் தன் உடம்பைச் சந்தேகப்பட்டார். நான் என்னையே சந்தேகப்பட்டேன். ஆபீஸ்ல, காலேஜ்ல, யாரோ ஒருத்தர் வேகத்தைப் பார்த்து ராத்திரி தூக்கம் போகிற உங்களுக்கும் இந்தக் கேள்வி உதவலாம்.

இப்போ வாரத்துல இரண்டு நாள்தான் கடுமையா ஓட்டுறேன். மீதி நாள் மெதுவா, பேசிக்கிட்டே ஓட்டுற வேகத்துல. காலைத் துடிப்பு 59க்கு இறங்கிடுச்சு. போன வாரம் பாலத்துல காத்து கடல் பக்கத்துல இருந்து வந்தது. அண்ணனோட சக்கரத்துக்குக் கொஞ்சம் மேற்கே ஒதுங்கி, பாலத்தைத் தாண்டிட்டேன். கோவளத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது விட்டுட்டேன். ஆனா டீ ஆறுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டேன்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். ஹெல்மெட் போட்டுக்கோங்க.