கரையைக் காத்த கூலி

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்தில் செட்டிகுளத்தையும் சக்கரக்குளத்தையும் பார்த்து, அக்காலத்து அரசர்கள் நீரைப் பேணிய அழகை வியந்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் 1677இல் சிவாஜி, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிய காலமெல்லாம் இந்தச் சீமைக்குச் சோறு போட்டவை மதிலுக்கு வெளியே கிடந்த மண்கரை ஏரிகள். செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்திலும் அதே கதைதான். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் ஓடை பிடித்து அடுத்த ஏரிக்கு நீர் போகும். மிஞ்சியது சங்கராபரணியில் விழுந்து, இப்போது வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிக் கடலைச் சேரும். கல்லில் கட்டிய குளம் கவனிப்பாரற்றும் நெடுங்காலம் நிற்கும். மண்கரை அப்படியல்ல. நண்டு வளை, எலிப் பொந்து, கரையில் வேர்விட்ட மரம், அடைபட்ட மதகு, மண்மேடிட்ட வரத்துக்கால்வாய் என்று ஆண்டுதோறும் கைவேலை கேட்கும். ஆகவே இந்த ஏரிகளின் வரலாற்றை, வெட்டிய மன்னனின் பெயரைக் காட்டிலும், வேலை பார்த்தவனுக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கே சரியாகச் சொல்லும்.

அந்தக் கணக்கு பழையது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலால் பெயர் பெற்றவை. தேர்தல் முறையைப் பாராட்டுகிறவர்கள் அதில் ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருந்ததைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அவ்வூர் வைரமேகத் தடாகத்தில் தூர் எடுப்பதற்கென்றே அறக்கட்டளைகள் இருந்தன. பிற்காலத்தில் இதுவே ஏரி மானியமாகவும் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குக் களத்துமேட்டில் அளந்த நெல்லாகவும் தொடர்ந்தது. கோடையில் ஏரி வண்டலை வெட்டி வயலுக்கு அடித்தவன் எருவும் பெற்றான், ஏரியையும் ஆழமாக்கினான். பக்தியோ ஊர்ப்பற்றோ இல்லை என்று சொல்லவில்லை. அவற்றை மட்டும் நம்பி யாரும் கரையை விட்டுவைக்கவில்லை.

கம்பெனி ஆட்சி நிலவரியைப் பெருக்கியபோது மானியங்கள் பல சுருங்கின, சில மறைந்தன. வேலையும் நின்றது. அதற்கு மருந்தாக வந்த 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் வழக்கமான குடிமராமத்துக்கு வராதவன் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல இருமடங்கு கட்ட வேண்டும் என்றது. வருமானத்தை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்த சட்டம் அது. நடைமுறையில் அது தோற்றதில் வியப்பில்லை.

பழைய முறையைப் புகழ்வது சாதியைப் புகழ்வதாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மண் சுமந்தவர்களும் நள்ளிரவில் மதகு திறந்தவர்களும் பெரும்பாலும் நிலமற்ற தலித் மக்கள். பாசனத்தின் பலன் நிலமுடையவர்களுக்கே போனது. குடிமராமத்து என்ற பெயரில் ஊர் முழுதும் மனமுவந்து கூடியதாகச் சொல்லப்படும் சித்திரத்தில் பாதி பிற்காலக் கற்பனை. அந்த அடுக்கு திரும்ப வரவே கூடாது. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தை வலுவாக்குகிறது: அன்று குறைத்துக் கொடுத்த கூலியை இன்று ரொக்கமாகவும் மரியாதையோடும் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஏரி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. செஞ்சிப் பக்கம் அடியில் கடும்பாறை. நீர் நிற்பது சிதைந்த மேல்பாறையிலும் வெடிப்புகளிலும்தான். ஏரி வறண்டால் சில கோடைகளிலேயே மோட்டாரும் காற்றை இறைக்கும்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது விவசாயிகளின் பங்காகப் பத்து விழுக்காட்டைக் கேட்டது. வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கவும் விட்டது. இரண்டாவது பாதி பழைய கணக்கை அறிந்தவர்கள் எழுதியது போல இருக்கிறது. முதல் பாதி 1858ஐ நினைவூட்டுகிறது. தூர் எடுத்த மறு ஆண்டு மதகில் சிக்கிய செத்தையை அள்ளுகிறவனுக்கு, ஏரியின் மீன் குத்தகைப் பணத்திலிருந்தோ கரை மரங்களின் ஏலத்திலிருந்தோ, நிலையான மாதச் சம்பளம் ஒதுக்குவது இனியாவது ஊராட்சிகளின் வரவுசெலவில் முதல் வரியாக ஏற வேண்டிய செலவு.