ஏழு வீட்டுச் சாப்பாடு

மே மாதம் பிறந்தால் போதும், தெருவுக்குத் தெரு நோட்டீஸ்தான். நீச்சல், செஸ், கையெழுத்துப் பயிற்சி... இன்னொரு பக்கம் சர்ச்சில் விடுமுறை வேதாகமப் பள்ளி, பள்ளிவாசலில் கோடைக்கால தீனியாத் வகுப்பு, கோயில் மண்டபத்தில் தேவார வகுப்பு. நடத்துகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். பாடமும் வாத்தியாரும் அப்புறம்தான். பிள்ளைகள் அங்கேயே தங்குகிறார்கள் என்றால், முதல் தலைவலி சாப்பாடு!

இது உலகம் முழுக்க உள்ள தலைவலி. நியூயார்க்குக்கு வடமேற்கே கேட்ஸ்கில் மலைப்பகுதி இருக்கிறது. கோடை வந்தால் யூத மதப் பள்ளி மாணவர்கள் பஸ் பஸ்ஸாக அங்கே வந்து இறங்குவார்கள். அந்த மதப் பள்ளிக்கு 'யெஷிவா' என்று பெயர். காலையில் தால்முத் பாடம். மதியம் நீச்சல், பந்தாட்டம். சமையலறையில் பாலுக்குத் தனிப் பாத்திரம், இறைச்சிக்குத் தனிப் பாத்திரம். அவ்வளவு பேருக்கும் மூன்று வேளை சமைத்துப் போட வேண்டும். பெற்றோர் கட்டும் பணமும் பணக்காரர்கள் தரும் நன்கொடையும்தான் முகாமை ஓட்டுகின்றன.

அதற்கு முன்னால்? கிழக்கு ஐரோப்பாவில் ஏழை யெஷிவா மாணவன் திங்கட்கிழமை ஒரு வீட்டில் சாப்பிடுவான், செவ்வாய்க்கிழமை இன்னொரு வீட்டில். வாரத்துக்கு ஏழு வீடு! ஒரு வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அன்றைக்குப் பட்டினி. இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஞாபகத்துக்கு வருகிறார்களா? வரலாம். நம் ஊரிலும் ஏழைப் பிராமணப் பையன்கள் இப்படித்தான் படித்தார்கள். அதற்குப் பெயர் 'வாரச் சாப்பாடு'. பாஷை வேறு, சாமி வேறு. பசியும் கூச்சமும் ஒன்றுதான்.

இந்த அவமானத்துக்கு வழி தேடினார் ஒரு யூத குரு. இன்றைய பெலாரஸில் உள்ள வொலோஜின் ஊரில் 1803 வாக்கில் ஒரு யெஷிவா ஆரம்பித்தார் ரபி ஹாயிம். ஊர் ஊராக ஆள் அனுப்பி நிதி திரட்டி, மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். பையன் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

அடடா, நல்ல யோசனை என்கிறீர்களா? வாருங்கள், திருவதிகைக்குப் போவோம்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடில நதிக்கரையில் வீரட்டானேஸ்வரர் கோயில் இருக்கிறதே, அந்தத் திருவதிகைதான். அதை நடுவில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். பாகூர், திருபுவனை, எண்ணாயிரம்... எல்லாம் ஒரே நாளில் போய் வரக்கூடிய ஊர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த வட்டாரம் முழுக்கத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள்!

பாகூர்க் கல்விச் சாலைக்கு 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், மூன்று ஊர்களின் வருமானத்தை எழுதி வைத்தார்கள். திருபுவனையில் 1048-இல் 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். இவர்களுக்காக 72 வேலி நிலம்.

எண்ணாயிரம் கல்வெட்டு ஹாஸ்டல் கணக்கு நோட்டு மாதிரியே இருக்கும். ராஜேந்திர சோழன் காலம். மொத்தம் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுருக்கு 75 பேர், ஆரம்ப இலக்கணத்துக்கு 40 பேர் என்று யார் யார் என்ன படிக்கிறார்கள் என்பதைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். சின்னவர்கள் 270 பேருக்குத் தினம் ஆறு நாழி நெல். பெரியவர்கள் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கூட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 24 கலம் 2 குறுணி நெல்! யாரிடம் போய்க் கேட்பது? யாரிடமும் கேட்க வேண்டாம். அதற்குத்தான் 45 வேலி நிலம் விட்டிருந்தார்கள்.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. பதினைந்து படுக்கையோடு ஆஸ்பத்திரி. மாணவர்கள் சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய். வருஷத்துக்கு 51 சனிக்கிழமை என்று எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்த பையனுக்கு யார் எண்ணெய் வைத்துவிடுவார்கள் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் பாருங்கள்!

ஆனால் சோறு போடுகிற கையை நம்பிப் பள்ளி நடத்துவதில் ஒரு ஆபத்தும் உண்டு. அதற்கும் திருவதிகைதான் சாட்சி.

இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் அன்றைக்குப் பாடலிபுத்திரம். சமணர்களின் பெரிய பள்ளி அங்கே இருந்தது. சமணத் துறவிகள் தங்கும் இடத்துக்குப் 'பள்ளி' என்று பெயர். நாம் இன்றைக்கும் சொல்கிற பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது அதே சொல்தான். சர்வநந்தி என்ற முனிவர் 458-இல் 'லோகவிபாகம்' என்ற உலக அமைப்பு நூலை முடித்தது இந்த ஊரில்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் அப்பர் சமணத்தைக் கற்றுத் தருமசேனராக உயர்ந்ததும் இங்கேதான். சூலை நோய் தாங்காமல் அவர் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு அக்கா திலகவதியாரைத் தேடி வந்த கதை உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததையும் சேக்கிழார் சொல்கிறார். பல்லவ மன்னன் மதம் மாறினான். பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்துக்கொண்டு வந்து, திருவதிகையில் குணபர ஈச்சரம் என்று கோயில் கட்டினான். அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பெரியபுராணத்துக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எண்ணாயிரத்துப் பட்டியலில் இருக்கும் 340 பேரும் வேதம் படிக்க உரிமை உள்ள வீட்டுப் பையன்கள். அந்த 45 வேலியில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பட்டியலில் இடமில்லை. அப்பரை மீட்ட திலகவதியார் போன்ற பெண்களுக்கும் இல்லை.

அந்தப் பட்டியல் நீள ரொம்ப காலம் ஆனது. 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு. இப்போது எந்தப் பாடம், என்ன ஜாதி, பையனா பெண்ணா என்று கேட்காமல் தட்டில் சோறு விழுகிறது.

அடுத்த முறை பலாப்பழ சீசனில் பண்ருட்டிப் பக்கம் போனால், திருவதிகைக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். அப்படியே எண்ணாயிரம் வரை போய், ஆறு நாழி நெல் கணக்கு எழுதிய அந்த ஊரையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.